நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரு அணி நண்பர்களுக்கும், பொங்கல் விருந்து முடிந்த கையோடு அரங்கை நிறைத்திருக்கும் ஹூஸ்டன் தமிழ் உறவுகளுக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் பேச வேண்டியது நிறைய இருப்பதால் நேராக வழக்குக்கு வருகிறேன்.

"2016 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பெருங்கேடு விளைத்தது அயலார் சூழ்ச்சியா, நம்மவர் அலட்சியமா?" என்பது தலைப்பு. நம்மவர் அலட்சியமே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணியினர் அடுக்கிய சான்றுகளில் ஒன்றைக்கூட நான் மறுக்கப்போவதில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இயங்கிய இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி உள்ளிட்ட 3 நிறுவனங்கள் மீதும் 13 ரஷ்யர்கள் மீதும் 2018 பிப்ரவரியிலும், ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் 12 அதிகாரிகள் மீது அதே ஆண்டு ஜூலையிலும் சிறப்பு விசாரணை அதிகாரி ராபர்ட் முல்லர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார். தேர்தலில் ரஷ்யத் தலையீடு பரந்த அளவில், திட்டமிட்டு நடந்தது என்று 2019இல் வெளியான அவருடைய அறிக்கை சொன்னது. டிரம்பின் பிரசாரக் குழு ரஷ்ய அரசோடு சேர்ந்து சதி செய்தது என்பது நிறுவப்படவில்லை என்பதையும் அதே அறிக்கைதான் சொன்னது. இரு கட்சி உறுப்பினர்களும் அமர்ந்திருந்த செனட் உளவுக் குழு ஐந்து தொகுதிகளில் எழுதிவைத்ததும் தலையீட்டை உறுதி செய்தது. ஆகவே கை நீண்டது உண்மை. அந்தக் கை எதைப் பற்றிக்கொண்டு உள்ளே வந்தது என்பதுதான் இன்று நாம் தீர்க்க வேண்டிய வழக்கு.

அதற்கு நான் வாஷிங்டனுக்குப் போகவில்லை. நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. டவுன்டவுனில் டிராவிஸ் தெருவில், உயர்ந்த தூண்கள் தாங்கி நிற்கும் பழைய கட்டடம் ஒன்றை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1928இல் வங்கிக்காகக் கட்டப்பட்டது. நம் ராக்கெட்ஸ் கூடைப்பந்து அணிக்குக் கோப்பை வாங்கித்தந்த ஹக்கீம் ஒலாஜுவான் அதை 1994இல் வாங்கினார். இன்று அது இஸ்லாத்தைப் பிறருக்கு எடுத்துச்சொல்லும் இஸ்லாமிய தஃவா மையம். அங்கே ஒரு நூலகம் இருக்கிறது. 2016 மே 21, சனிக்கிழமை, நண்பகல் 12 மணி. ஹூஸ்டன் மே மாதத்து நண்பகல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில், அந்தத் தெருவின் ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் கான்ஃபெடரேட் கொடியோடு வந்து நிற்கிறார்கள். டெக்சாஸ் இஸ்லாமிய மயமாவதைத் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அவர்களை அழைத்த ஃபேஸ்புக் பக்கத்தின் பெயர் "ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்"; இரண்டரை லட்சம் பேர் பின்தொடர்ந்த பக்கம். துப்பாக்கி இருந்தால் அதையும் கொண்டு வரலாம் என்று அழைப்பிலேயே சொல்லியிருந்தது. தெருவின் எதிர்ப் பக்கத்தில் அதைப்போல் பல மடங்கு பேர். இஸ்லாமிய அறிவைக் காப்போம் என்று "யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா" என்ற இன்னொரு ஃபேஸ்புக் பக்கம் அதே தெருவுக்கு, அதே தேதிக்கு, அதே மணிக்கு ஆள் திரட்டியிருந்தது. நடுவில் காவலர்கள் நின்று இரு கூட்டமும் கைகலக்காமல் பார்த்துக்கொண்டார்கள். இவர்கள் அவர்களைப் பார்த்துக் கத்தினார்கள். அவர்கள் இவர்களைப் பார்த்துக் கத்தினார்கள். கத்தி முடித்து வீட்டுக்குப் போனார்கள்.

இதே கதையை இப்போது மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். ஹூஸ்டனில் நண்பகல் 12 மணி என்றால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இரவு 8 மணி; மே மாதம் என்பதால் அங்கே அந்த நேரத்தில் வெளிச்சம்கூட மங்கியிருக்காது. சவுஷ்கினா தெரு 55 என்ற முகவரியில் ஓர் அலுவலகக் கட்டடம். அங்கே வேலைமுறை வைத்து, சம்பளம் கொடுத்து, அமெரிக்கர்களைப் போல எழுதுவதற்கென்றே ஆட்களை அமர்த்தியிருந்தார்கள். "ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்" பக்கத்தை நடத்தியது அந்த நிறுவனம். "யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா" பக்கத்தை நடத்தியதும் அதே நிறுவனம். இடக்கையால் ஒரு கூட்டத்தை அழைத்து, வலக்கையால் அதற்கு எதிர்க்கூட்டத்தை அழைத்து, இருவரையும் நம் ஊர்த் தெருவில் நேருக்கு நேர் நிறுத்தியிருக்கிறார்கள். இந்த இரட்டை ஏற்பாட்டுக்கு அவர்கள் விளம்பரத்தில் செலவழித்தது சுமார் 200 டாலர் என்று செனட் உளவுக் குழுவின் தலைவர் ரிச்சர்ட் பர் 2017 நவம்பர் 1 அன்று விசாரணை மேடையில் படத்தோடு காட்டிச் சொன்னார். செய்தி வெளியாகும் வரை, ஓர் ஆண்டுக்கும் மேலாக, அன்று தெருவில் நின்றவர்களில் ஒருவருக்கும் தம்மை அழைத்தது யார் என்று தெரியாது.

200 டாலர், ஐயா! இந்தத் தொகையை எதிரணியினர் அயலாரின் சாமர்த்தியத்துக்குச் சான்றாகக் காட்டினார்கள். நான் இதையே என் அணிக்கான முதல் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். அந்த 200 டாலர் எதை வாங்கியது என்று எண்ணிப் பாருங்கள். கொடியை வாங்கியதா? அந்தக் கொடியை அவர்கள் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். கோபத்தை வாங்கியதா? பக்கத்துத் தெருவில் தொழுகிறவனைப் பார்த்து வரும் அச்சம் அவர்கள் நெஞ்சில் எத்தனையோ ஆண்டுகளாக இருந்தது. ரஷ்யாக்காரன் வாங்கியது விளம்பர இடத்தை மட்டும். மற்ற அனைத்தும் நம் ஊரில் இலவசமாகக் கிடைத்தன. போராட்டத்தை அறிவித்தவர் எங்கே என்று தேடினால் ஒருவரும் இல்லை. மேடையில்லை, தலைவரில்லை, கைகுலுக்கி வரவேற்க ஆளில்லை. அப்போதாவது, இரண்டு பக்கத்திலும் சேர்த்து ஒருவராவது, "நம்மை வரச்சொன்ன நீங்கள் யார்?" என்று கேட்டிருந்தால் அந்தச் சூழ்ச்சி அந்த நண்பகலிலேயே அம்பலமாகியிருக்கும். கேட்கவில்லை. எதிரில் நிற்பவன் எதிரி என்பது உறுதியாகத் தெரிந்த பிறகு, பின்னால் நிற்பவன் யார் என்று கேட்கும் பொறுமை நமக்கு இல்லாமல் போயிற்று.

எதிரணியில் எனக்கு முன்னால் பேசிய சகோதரர் நிறைவாக ஒன்று சொன்னார்: "திருடனை விட்டுவிட்டுப் பூட்டின் மேல் வழக்குப் போடுகிற அணி அது" என்றார். அரங்கமே கைதட்டியது. சொன்ன விதம் அழகு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனால் எங்கள் அணியின் மானமே போய்விடும் என்பதால், மற்றவற்றைச் சுருக்கிக்கொண்டாவது அவருக்கு விடை சொல்லிவிடுகிறேன்.

முதலில், திருடனை விட்டது யார்? 2016 டிசம்பர் 29 அன்று அதிபர் ஒபாமா 35 ரஷ்யத் தூதரக அதிகாரிகளை நாட்டைவிட்டு வெளியேற்றினார். பொருளாதாரத் தடை போட்டார். முல்லர் பெயர் பெயராக எழுதிக் குற்றம் சாட்டினார். அந்தப் 12 உளவு அதிகாரிகளில் ஒருவராவது அமெரிக்க நீதிமன்றத்தின் கூண்டில் ஏறினாரா? ரஷ்யா தன் குடிமகனைப் பிறநாட்டுக்கு ஒப்படைக்காது. அந்த இன்டர்நெட் நிறுவனத்தின் பின்னால் இருந்த எவ்கெனி பிரிகோஷின் 2022 நவம்பரில், தலையிட்டோம், தலையிடுகிறோம், இனியும் தலையிடுவோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். 2023 ஆகஸ்ட் 23 அன்று விமான விபத்தில் இறந்தும் போனார். இதற்காக எந்த நீதிபதி முன்னும் அவர் நிற்கவில்லை. ஆக, திருடன் கடல் கடந்து, நம் சட்டம் எட்டாத தொலைவில் இருக்கிறான். சாவியோ நம் இடுப்பில் இருக்கிறது. எட்டாதவனைப் பற்றி மேடைதோறும் முழங்கிவிட்டு, இடுப்பில் இருக்கும் சாவியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் உறங்கப் போகிறவரை எப்படிப் பொறுப்புள்ள வீட்டுக்காரர் என்பது?

இரண்டாவதாக, அந்தத் திருடன் பூட்டை உடைத்துக்கொண்டு வந்தானா என்று சகோதரரைக் கேட்கிறேன். 2015 செப்டம்பரில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அதிகாரி ஒருவர் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். உங்கள் கணினிகளில் ரஷ்ய அரசோடு தொடர்புடைய ஊடுருவல் கூட்டம் புகுந்திருக்கிறது என்று எச்சரித்தார். அந்த அழைப்பைக் கணினி உதவிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எடுத்தவருக்கு, பேசுகிறவர் உண்மையிலேயே எஃப்பிஐதானா, யாராவது விளையாடுகிறார்களா என்று ஐயம். மேலோட்டமாகத் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. பிறகு வந்த அழைப்புகளுக்குத் திரும்ப அழைக்கவும் இல்லை. எஃப்பிஐ அலுவலகத்துக்கும் அந்தக் கட்சி அலுவலகத்துக்கும் இடையில் இருந்தது நடந்துபோகும் தூரம். இவரும் நடந்து போய்ப் பார்க்கவில்லை; அவரும் நடந்து வந்து சொல்லவில்லை. கட்சித் தலைமைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் ஊடுருவியவர்கள் ஏறக்குறைய ஏழு மாதம் உள்ளே உலவிவிட்டார்கள்.

அடுத்தது ஜான் பொடெஸ்டாவின் மின்னஞ்சல் பெட்டி. ஹிலாரி கிளின்டனின் பிரசாரக் குழுவுக்குத் தலைவர் அவர். 2016 மார்ச் 19 அன்று, உங்கள் கடவுச்சொல்லை யாரோ திருடிவிட்டார்கள், உடனே மாற்றுங்கள் என்று கூகுள் அனுப்பியதைப் போல ஒரு கடிதம் அவருக்கு வந்தது. உதவியாளர் அதைக் கணினிப் பணியாளருக்கு அனுப்பிக் கேட்டார். இது உண்மையான கடிதம்தான், மாற்றிவிடுங்கள் என்று பதில் வந்தது. தான் எழுத நினைத்தது அதற்கு நேர்மாறானது என்று அந்தப் பணியாளர் பின்னாளில் சொன்னார். கடவுச்சொல்லை மாற்றுவதற்குக் கூகுளின் உண்மையான முகவரியையும் அவர் அதே பதிலில் கொடுத்திருந்தார். ஆனால் அழுத்தப்பட்டது போலி இணைப்பு. 50,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் அந்தப் பெட்டியிலிருந்து களவுபோய், அக்டோபர் 7 முதல் தவணை தவணையாக, ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளத்தில் வெளியாகி, தேர்தல் நாள் வரை செய்தித்தாள்களின் முதல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டன.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், ஐயா. உண்மையான எஃப்பிஐ அதிகாரி பேசியபோது, இவர் போலியாக இருப்பாரோ என்று ஐயப்பட்டார்கள். போலியான கூகுள் கடிதம் வந்தபோது, இது உண்மை என்று நம்பினார்கள். காவல்காரனை வாசலில் நிறுத்திவைத்து விசாரித்துவிட்டு, திருடனுக்கு நாற்காலி போட்ட வீடு இது. இதில் பூட்டை உடைக்கும் வேலை திருடனுக்கு எங்கே இருந்தது?

பணம் வந்த வழியைச் சொன்னால் சகோதரரே எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுவார். அமெரிக்கத் தேர்தல் பற்றிய சில விளம்பரங்களுக்கு ஃபேஸ்புக் நிறுவனத்தில் ரூபிளில் பணம் கட்டப்பட்டிருந்தது. டாலரில் அல்ல, ரூபிளில்! 2017 அக்டோபர் 31 அன்று செனட் விசாரணையில் செனட்டர் அல் ஃபிராங்கன் இதைத்தான் பிடித்துக்கொண்டார். கோடி கோடித் தகவல்களைக் கோத்து, யாருக்கு எந்தச் செருப்பு பிடிக்கும் என்றுகூடக் கண்டுபிடிக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு, ரஷ்ய நாணயத்தையும் அமெரிக்க அரசியல் விளம்பரத்தையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லையா என்று அவர் விடாமல் கேட்டார். வந்த அறிகுறிகளைத் தவறவிட்டோம் என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்த ரூபிளை எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டது எந்த அயலார்?

கேள்வி கேட்காமல் காசு வாங்கியது பெருநிறுவனம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2016 கோடையில் ஃபுளோரிடாவில், ஒரு வண்டியின் மேல் கூண்டு கட்டித்தர ஓர் அமெரிக்கருக்கும், கைதி உடையில் ஹிலாரி கிளின்டனைப் போல வேடமிட்டு நிற்க இன்னொரு அமெரிக்கருக்கும் அந்தப் பீட்டர்ஸ்பர்க் கூட்டம் பணம் அனுப்பியது. கூண்டு கட்டப்பட்டது, வேடமும் போடப்பட்டது. அந்த மே மாதக் கடைசியில், வெள்ளை மாளிகைக்கு எதிரே ஓர் அமெரிக்கர், தம் அன்பு முதலாளிக்கு 55ஆவது பிறந்தநாள் வாழ்த்து என்று எழுதிய அட்டையைப் பிடித்து நின்றார். யார் அந்த முதலாளி? பிரிகோஷின் பிறந்தது 1961 ஜூன் 1. அட்டை பிடித்தவருக்கு அது தெரியாது. உலகத்தின் தலைவாசல் என்று நாம் பெருமைப்படும் அந்த வாசலில் நின்று, யாருடைய பிறந்தநாளுக்கு வாழ்த்துகிறோம் என்று தெரியாமலேயே ஒரு குடிமகன் வாழ்த்தியிருக்கிறார். முல்லரின் குற்றப்பத்திரிகையில் இது பதிவாகியிருக்கிறது. நான் கட்டிச் சொல்லவில்லை.

எதிரணித் தலைவர் 12.6 கோடி என்ற எண்ணை மூன்று முறை சொன்னார். அந்தக் கூட்டத்தின் பதிவுகள் ஃபேஸ்புக்கில் அத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்ன கணக்கு அது. கண்ணில் படுவது வேறு, மனம் மாறுவது வேறு. ட்விட்டரில் அதே கூட்டத்தின் கணக்குகளை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவற்றைப் பார்த்த நிகழ்வுகளில் 70 விழுக்காடு வெறும் ஒரு விழுக்காட்டினரிடமே குவிந்திருந்தது என்றும், பார்த்தவர்களின் நிலைப்பாட்டிலோ வாக்களித்த முறையிலோ குறிப்பிடத்தக்க மாற்றத்துக்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் கண்டது. அதிகம் பார்த்தவர்கள் ஏற்கெனவே கட்சிப்பற்று முற்றியவர்கள். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்களுக்கே அந்தப் பதிவுகள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

வாக்கு எண்ணிக்கைக்கு வருவோம். 2016இல் எந்த வாக்கும் மாற்றப்பட்டதற்குச் சான்றில்லை என்று செனட் குழு சொன்னது. இல்லினாய் மாநில வாக்காளர் பட்டியலுக்குள் புகுந்து சுமார் 5 லட்சம் பேரின் விவரங்களை எடுத்தது உண்மை. அது பட்டியல், வாக்குப் பெட்டி அல்ல. அதே ஆண்டு ஆகஸ்டில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் ஜே ஜான்சன் மாநிலத் தேர்தல் அதிகாரிகளை அழைத்து, தேர்தல் அமைப்புகளுக்கு உதவி தருகிறோம் என்றபோது, கூட்டாட்சி அரசு எங்கள் அதிகாரத்தில் கைவைக்கிறது என்று சில மாநிலங்கள் முகம் திருப்பிக்கொண்டன. ரஷ்யாவைவிட வாஷிங்டன் மேல் அவர்களுக்கு ஐயம் அதிகம். ஹூஸ்டன் அடங்கிய நம் ஹாரிஸ் மாவட்டம் எப்படி இருந்தது? சக்கரத்தைத் திருப்பி, பெயர் மேல் கொண்டுபோய் நிறுத்தி, பொத்தானை அழுத்தும் அந்த ஈஸ்லேட் வாக்குப்பதிவு இயந்திரம் நினைவிருக்கிறதா? அதில் வாக்காளர் கண்ணால் பார்த்து உறுதி செய்ய ஒரு துண்டுத் தாள்கூட வராது. 2021 வரை நாம் அதை மாற்றவில்லை. மணியடித்துவிட்டீர்கள், நடுவர் ஐயா. முடிக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன், இன்னும் சற்று நேரம் தாருங்கள்.

அந்த இயந்திரத்தை நான் மறக்க முடியாததற்குக் காரணம் என் தாயார். குடியுரிமை பெற்ற பின் அவர் போட்ட முதல் ஓட்டு 2016இல். இந்த அரங்கில் இருக்கும் எத்தனையோ பேரைப் போல அவரும் வலக்கையை உயர்த்தி, எந்த அயல்நாட்டு மன்னனுக்கும் அரசுக்கும் இனி விசுவாசமில்லை என்று, பழகாத ஆங்கிலத்தில், தடுமாறித் தடுமாறி உறுதிமொழி சொன்னவர். தஞ்சாவூர்ப் பக்கத்து ஊராட்சிப் பள்ளியில் வரிசையில் நின்று, இடக்கை ஆள்காட்டி விரலில் மை வாங்கிப் பழகிய தலைமுறை. அன்று வாக்குச்சாவடியை விட்டு வெளியே வந்ததும் சட்டையில் ஒட்டிய வில்லையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மையும் வைக்கல, சீட்டும் வரல. நான் போட்டது நான் போட்ட இடத்துலதான் இருக்குன்னு எப்படிப்பா நம்புறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. "இது அமெரிக்காம்மா, எல்லாம் சரியாக இருக்கும்" என்று சொல்லி வண்டியில் ஏற்றினேன். இந்த நாட்டின் மேல் அவ்வளவு பெரிய நம்பிக்கையோடு வந்தவருக்கு நாம் வைத்திருந்தது அவ்வளவுதான்.

சில மாதங்களில் செய்திகள் வெடித்தபோது அவர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 80,000க்கும் குறைவான வாக்குகளில் முடிவான தேர்தல் அது. நாடு முழுவதும் கூட்டினால் தோற்றவருக்கே 28 லட்சம் வாக்கு அதிகம். தோற்றவர்கள் ரஷ்யா செய்தது என்றார்கள். வென்றவர்கள் எல்லாம் கட்டுக்கதை என்றார்கள். நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் டிரம்பை ஆதரித்து ஒரு பேரணிக்கும், டிரம்ப் என் அதிபர் அல்ல என்று இன்னொரு பேரணிக்கும் ஒரே நாளில் ஆள் திரட்டியது அதே பீட்டர்ஸ்பர்க் அலுவலகம். நான்கு ஆண்டு கழித்துப் பாத்திரங்கள் இடம் மாறின. அதுவரை எல்லாம் சரி என்றவர்கள் தேர்தல் திருடப்பட்டது என்றார்கள். தேர்தல் பாதுகாப்பாக நடந்தது என்று சொன்ன அதிகாரி கிறிஸ் கிரெப்ஸ் அதற்காகவே 2020 நவம்பர் 17 அன்று பதவி நீக்கப்பட்டார். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஏறியவர்களை எந்த 200 டாலர் விளம்பரம் அழைத்தது? எந்த ரஷ்யன் அழைத்தான்? எதிரணியினர் இதற்கு ஒரு பெயர் சொல்லட்டும். நான் இங்கேயே என் அணியைக் கலைத்துவிடுகிறேன்.

நம் வீடுகளிலும் இது புகுந்தது, உறவுகளே. தேர்தலுக்கு முன் ஒரே வண்டியில் கோவிலுக்குப் போன குடும்பங்கள், தேர்தலுக்குப் பின் ஒரே பந்தியில் உட்காரத் தயங்கியதை நான் இந்த ஊரில் பார்த்தேன். வாட்ஸாப் குழுவிலிருந்து அண்ணன் வெளியேறினார். அவர் வெளியேறியதைப் பார்த்துத் தம்பி சிரித்தார். இதை எந்த நாட்டு உளவுத்துறை செய்யச் சொன்னது? அண்ணனிடம் அதிகாரம் இருந்தது, தம்பியிடம் அலைபேசி இருந்தது. ஒரு வார்த்தை அழைத்துப் பேசியிருக்கலாம், ஒருவரும் பேசவில்லை.

அன்று டிராவிஸ் தெருவில் கொடியோடு நின்றவர், வாசலைத் தாண்டிப் படியேறி அந்த நூலகத்துக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல நாள் நினைத்ததுண்டு. உள்ளே இருப்பது புத்தகங்கள், ஐயா. எதிர்ப்பக்கத்தில் நின்றவர் அவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் நீட்டியிருந்தால்? மே மாத வெயில், வாங்கிக் குடித்திருப்பார். குடித்துவிட்டு, உங்களை யார் இங்கே வரச்சொன்னார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டிருப்பார்கள். இருவரும் அலைபேசியை எடுத்துத் தங்கள் தங்கள் அழைப்பைக் காட்டியிருப்பார்கள். பீட்டர்ஸ்பர்க்கின் அத்தனை வேலைமுறையும் அந்த ஒரு கேள்வியில் வேலை இழந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தடையாக இருந்தவர் எவரும் கடல் கடந்து வரவில்லை.

அயலார் சூழ்ச்சி இருந்தது. அதை அறிக்கைகள் எழுதிவிட்டன. என் தாயாருக்குச் சொல்லப் பதில் இல்லாமல் போனதை எந்த அறிக்கையும் எழுதவில்லை. அவர் இதோ முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். இப்போது நம் மாவட்ட இயந்திரத்தில் தாள் வருகிறது. சென்ற முறை தன் தேர்வுகள் அச்சாகி வந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகுதான் அதைப் பெட்டிக்குள் விட்டார். பின்னால் வரிசை நீண்டது, அவர் அவசரப்படவில்லை. நடுவர் ஐயா, அவரைப் போன்றவர்களைக் காக்கவைத்தது நம்மவர் அலட்சியமே என்று நீங்கள் தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.